விளக்கு மட்டும் எரிந்த பெட்டி

மகன்,

‘நான் சுகம், உன் சுகமறிய ஆவல்’ என்று வழக்கம்போல எழுதத் தொடங்கி, அந்தத் தாளைக் கசக்கி எறிந்துவிட்டேன். இந்த வீட்டில் அந்தச் சொல்லை இனி யாரும் சும்மா வாய்க்கு வந்தபடி கேட்கக்கூடாது என்று உன் அம்மா சட்டம் போட்டிருக்கிறாள். ஏன் என்று இந்தக் கடிதம் முடிவதற்குள் உனக்கு விளங்க வேண்டும். விளங்காவிட்டால் நீ வாங்கிய பட்டத்தைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடு. கலியாணக் காட் அனுப்புகிற மாதிரி இந்த உறையை ஒட்டாமல்தான் அனுப்பப்போகிறேன். வழியில் எவர் கையில் கிடைத்தாலும் வாசிக்கட்டும். உன் பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது, ஆகவே நீயே பக்கத்தில் இருந்து சொல்லிக் காட்டு. உன்னை ஏசுகிற இடங்களையும் விடாமல் சொல்லு.

போன கிழமை சீமையில் இருந்து உன் பார்சல் வந்தது. தடித்த மட்டை போட்டு, பொன் எழுத்துப் பதித்துக் கட்டிய உன் ஆராய்ச்சிப் புத்தகம். பிரித்தவுடன் முதல் பக்கத்தில், கருவிகளை நேசிக்கக் கற்றுத்தந்த என் தந்தைக்கு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பொய் சொல்வானேன், கண் கலங்கித்தான் போனேன். டொக்யாட்டிலும் துறைமுகத்திலுமாக இருபத்தைந்து வருடம் அளவுக் கருவி திருத்தினவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தக் கண்ணீர் காய்வதற்குள் உன் கடிதத்தைப் படித்தேன். தொழிலாளர் மருந்தகங்களுக்கு, நோவுக்கு வைக்கிற உன் பெட்டியைக் கொடுப்பதில் அங்கே ஒருவர் ஆர்வமாக இருக்கிறார் என்றும், அப்பா இன்னும் இருபது பெட்டி செய்து வைத்தால் நல்லது என்றும், ‘சூடாக்கும் சுருள் தேவையில்லை, விளக்கு மட்டும் போதும்’ என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியை நான் மூன்று தரம் வாசித்தேன். பிறகு புத்தகத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன். எனக்கு ஆங்கிலம் கருவிப் புத்தகத்து ஆங்கிலம்தான், ஆனாலும் நீ எழுதியிருப்பதை விளங்கிக்கொள்ள அது போதும். இப்போது உன் அம்மா அந்தப் புத்தகத்தைத் தயிர்ச் சட்டியின் மூடிமேல் பாரமாக வைத்திருக்கிறாள், பூனை திறக்காமல் இருப்பதற்கு. அதற்காவது உதவுகிறது.

வழியில் வாசிக்கிறவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன். லிங்கநகரிலே எங்கள் வீட்டுக் குசினிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை உண்டு. ஜெட்டியில், அதுதான் கப்பல் கட்டுகிற மேடையில், மூட்டை தூக்கி, கயிறு இழுத்து, தோளும் இடுப்பும் பிடித்துக்கொண்டவர்கள் வேலை முடிந்து போகிற வழியில் அங்கே வந்து உட்காருவார்கள். என் மனைவி நொச்சி இலையும் ஆமணக்கு இலையும் உப்பும் தவிடும் சேர்த்துத் துணியில் பொட்டலி கட்டி, தாச்சியில் வைத்துச் சூடாக்கித் தருவாள். ஒத்தடம் கொடுப்பது நான். அவள் குசினிக்குள் இருந்தபடியே வீட்டுச் சங்கதி, பிள்ளைகளின் படிப்பு, கடலின் நிலை எல்லாம் கேட்பாள். முடிந்தவுடன், “கையைத் தூக்கச் சொல்லுங்கோ” என்பாள். சுவரோடு நிற்கவைத்துக் கையைத் தூக்கச் செய்து, விரல் நுனி எட்டின இடத்தில் நான் கரியால் ஒரு கோடு போடுவேன். ஆளுக்கு ஒரு அடையாளம். ஒருவருக்கு மீன், ஒருவருக்கு நங்கூரம். அலியார் நானாவுக்குக் கொக்கி. கோடு நாளுக்கு நாள் மேலே ஏறினால் ஒத்தடம் பிடிக்கிறது. ஏறாவிட்டால் ஆசுபத்திரிக்குப் போகச் சொல்லி அம்மா விரட்டிவிடுவாள். யாரையும் அவள் சுகமா என்று கேட்டதே இல்லை.

அலியார் நானாவை, நான் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிற மனுஷனை, உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்குப் பற்றி எரிகிறது. உன் புத்தகத்தில் அவர் ‘ஐம்பது வயதுத் துறைமுகத் தொழிலாளி’. கிண்ணியாவில் இருந்து பாதை ஏறி, அதுதான் ஆட்களையும் வண்டிகளையும் சேர்த்து ஏற்றிக் கடக்கிற அந்தத் தட்டைப் படகில் ஏறி, பிறகு பஸ் பிடித்து வேலைக்கு வருகிற மனுஷன். வெள்ளைக்காரன் தன் கப்பல் திருத்துகிற டொக்யாட்டை விட்டுப் போனபோது எனக்கு ஏழு மாதம் வேலை இல்லை. அந்த ஏழு மாதமும் எங்கள் வீட்டில் மீன் வாசம் இருந்தது என்றால் அது யாரால் என்று உன் அம்மாவைக் கேள். பிறகு துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று என்னைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினவரும் அவர்தான். அவர் வின்ச்காரர். கப்பலின் அடித்தட்டுக்குள் இருந்து பாரத்தைத் தூக்கி ஜெட்டியில் வைக்கிற இயந்திரம் அவர் கைக்குள் இருந்தது. உனக்குப் பத்து வயதிருக்கும், ஒரு நாள் உன்னைத் தூக்கித் தன் இருக்கையில் இருத்தினார். “கீழே இருக்கிறது உங்களுக்குத் தெரியாதே, பாரம் ஏறிவிட்டது என்று எப்படித் தெரியும்” என்று நீ கேட்டாய். “சத்தத்தில தெரியும் மகன்” என்றார். நீ வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அந்தச் சத்தத்தை வாயால் செய்துகொண்டு திரிந்தாய்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, நீ ஊருக்கு வருவதற்குக் கொஞ்சம் முந்தி, கப்பல் ஏணியில் வழுக்கி அவருடைய வலது தோள் அடிபட்டது. எலும்பு உடையவில்லை என்று ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள். அம்மா பொட்டலி கட்டினாள். கொக்கி அடையாளம் முதலில் நெஞ்சுக்கு நேரே நின்றது. மெல்ல மெல்லத் தோளுக்கு வந்தது, தாடைக்கு வந்தது. காதுக்கு நேரே வருகிற கட்டத்தில் நீ வந்து இறங்கினாய்.

பாரம்பரியச் சுகமளிப்பு முறைகளில் கருவியின் தோற்றமும் மனித நடத்தையும். இதுதான் தலைப்பு என்று நீ சொன்னபோது நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு ஜெட்டி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அம்மாவின் ஒத்தடத்தை என் பிள்ளை சீமை வரைக்கும் கொண்டுபோகப் போகிறான் என்று சொன்னேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே. நீ விளக்கமாகச் சொன்னாய். ஒத்தடத்தின் பலன் சூட்டிலா, அல்லது வருவது, உட்காருவது, கவனிக்கப்படுவது, நம்புவது ஆகியவற்றிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆறு பெட்டி வேண்டும். ஆறிலும் முன்பக்கம் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். மூன்றில் சூடாக்கும் சுருள் இருக்கும், மூன்றில் இருக்காது. யாருக்கு எது என்று ஆட்களுக்குத் தெரியக்கூடாது. ஆறு கிழமைக்கு, நாற்பத்திரண்டு நாளைக்கு, வேறு எந்த வைத்தியமும் செய்யக்கூடாது, ஒத்தடமும் கூடாது, எண்ணெயும் கூடாது. கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. இப்போதும் அந்தக் கேள்வி பிழை என்று நான் சொல்லவில்லை. நல்ல கேள்விதான். நீ அதற்கு விடை தேடின விதம்தான் நாறுகிறது.

அம்மா அன்றைக்கே ஒன்று சொன்னாள். நீ நீளமான கொப்பி ஒன்றைக் காட்டி, ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரையும் நோவு எப்படி, சுகமா என்று கேட்டுக் குறிக்கப்போவதாகச் சொன்னாய். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு, “சுகமா எண்டு கேட்டா எங்கட ஆக்களிட்ட உண்மை வராது தம்பி. கையைத் தூக்கச் சொல்லு, வரும்” என்றாள். நீ சிரித்தாய். சரி, சிரித்தாய், அதோடு விட்டிருக்கலாம். அடுத்த நாள் ஆள் பிடித்து அந்த அறைக்கு வெள்ளையடிப்பித்தாய். ஆராய்ச்சி நடக்கிற இடம் துப்புரவாக இருக்க வேண்டுமாம். மீன் போயிற்று, நங்கூரம் போயிற்று, காதுக்கு நேரே ஏறிக்கொண்டிருந்த கொக்கியும் போயிற்று. இத்தனை வருடமாக அந்தச் சுவரில் இருந்ததுதான் மகன் ஆராய்ச்சி. அதற்கு மேல் சுண்ணாம்பைப் பூசிவிட்டு ஆராய்ச்சி செய்ய வந்தவன் நீ.

இனி என் பங்கைச் சொல்கிறேன். உன்னை மட்டும் ஏசிவிட்டு நான் நல்ல பிள்ளையாகிவிட ஏலாது. பெட்டிகளைச் செய்தவன் நான். சுருள் இல்லாத பெட்டியைத் தொட்டால் ஆட்களுக்குச் சந்தேகம் வராதா என்று உன்னைக் கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத கரண்ட் கதிர் போகிறது, சிலருக்குச் சூடு தெரியும், சிலருக்குத் தெரியாது என்று சொல்லப்போவதாகச் சொன்னாய். அப்போதே என் கையைக் கழுவியிருக்க வேண்டும். கழுவவில்லை. தொழில்காரனின் கொழுப்பு, இன்னும் திறமாகச் செய்து காட்ட வேண்டும் என்று ஒரு அரிப்பு. விளக்கு மட்டும் எரிந்தால் போதாது, சுருள் உள்ள பெட்டி மாதிரிச் சத்தமும் வேண்டும் என்று நானாகவே யோசித்து, மூன்று வெறும் பெட்டிக்குள்ளும் பழைய ட்ரான்ஸ்போமர் ஒவ்வொன்றைப் பூட்டினேன். ர்ர்ர் என்று ஒரு இரைச்சல் வந்தது. நீ என் தோளில் தட்டி, “அப்பா, நீங்கள் பெரிய ஆள்” என்றாய். உன் புத்தகத்தில் அந்த இரைச்சலைப் பற்றி ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. அது உன் யோசனை என்று எழுதியிருக்கிறாய். நல்லதாய்ப் போயிற்று, அந்தப் புண்ணியத்தை நீயே வைத்துக்கொள்.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். அலியார் நானாவுக்கு வெறும் பெட்டி விழுந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்து எழும்புவதற்காக ஒவ்வொரு நாளும் ஒரு பாதைப் படகைத் தவறவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்து வீடு போனார். முடிந்தவுடன் நீ கொப்பியோடு முன்னால் நிற்பாய். நோவு எப்படி நானா, சுகமா? “ஓம் மகன், சுகம்.” நேற்றைவிடக் குறைவா? “ஓம், குறைவு.” நீ தலையை ஆட்டி ஆட்டி எழுதுவாய். மகன், நீ இந்த ஊரில் பிறந்தவன். மரணப் படுக்கையில் கிடக்கிறவரைப் பார்க்கப் போனாலும், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் பரவாயில்லை என்றுதான் சொல்வார் என்பது உனக்குத் தெரியாதா? வந்தவர் மனம் நோகக்கூடாது, கேட்டவர் முகம் வாடக்கூடாது, இதுதானே இங்கே வளர்ப்பு? சினேகிதன் வீட்டில் இருந்துகொண்டு, சினேகிதனின் பிள்ளையைப் பார்த்து, உன் பெட்டி ஒன்றுக்கும் உதவாது என்று சொல்லக்கூடிய ஒருவரை இந்தக் கடற்கரையில் நீ காட்டு பார்ப்போம். உப்புவெளியில் இருந்து தோப்பூர் வரைக்கும் தேடினாலும் கிடைக்கமாட்டார். வெள்ளைக்காரன் ஒருவன் வந்து இந்தப் பிழையை விட்டிருந்தால், பாவம், அவனுக்கு எங்களைத் தெரியாது என்று மன்னிக்கலாம். மனித நடத்தையை ஆராய வந்த உனக்கு உன் சொந்த மனிதரின் நடத்தை தெரியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

மூன்றாம் கிழமை ஒரு நாள், நீ கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம், அவர் குசினி வாசலில் வந்து நின்றார். அடுப்பில் இருந்த தாச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு விளங்கிவிட்டது. பொட்டலி கட்டித் தந்தால் உன் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று நீ அவளுக்கு அவ்வளவு சொல்லி வைத்திருந்தாய். “இன்னும் மூண்டு கிழமைதானே நானா, பொறுத்துக்கொள்ளுங்கோ” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இன்றைக்கு அவள் அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள். தன் வாசலுக்கு நோவோடு வந்தவரை வாழ்க்கையில் அவள் திருப்பி அனுப்பினது அந்த ஒரு தரம்தான். அவளை அதைச் செய்ய வைத்தவன் நீ.

நான் கண் இல்லாதவனா? நானும் பார்த்தேன். தேத்தண்ணிக் கோப்பையை அவர் இடது கையால் வாங்கினார். சேட் போடும்போது வலது கையை முதலில் நுழைத்து, இடது கையால் இழுத்து மேலே ஏற்றினார். ஒரு நாள் எங்கள் விறாந்தையில் அவர் தொழுதபோது, காதுவரை உயர வேண்டிய இரண்டு கையில் ஒன்று நெஞ்சோடு நின்றுவிட்டதைக் கதிரையில் இருந்தபடி பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். இன்னும் சில நாள்தான், பிள்ளை முடித்துக்கொண்டு போகட்டும், பிறகு அம்மா பார்த்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி என்மேல் இருக்கிற கோபம். பாதிதான். மற்றப் பாதி முழுக்க உன்னுடையது.

யோசித்துப் பார்க்கிறேன், இந்த வழியை உனக்கு நான் எப்போது காட்டினேன் என்று. உனக்கு எட்டு வயதில், வேலைத்தளத்து வெப்பமானி ஒன்றைக் கொண்டுவந்து தந்து உன்னைக் கன்னியாவுக்குச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனேன். ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் எது எவ்வளவு சூடு என்று நீ அளந்து எழுத வேண்டும். ஆறு கிணறு அளந்தாய். ஏழாவதில் செத்தவருக்கு அந்தியேட்டிச் சடங்கு செய்ய வந்தவர்கள் நிறையப் பேர் குளித்துக்கொண்டு நின்றார்கள், கிட்டப் போகமுடியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்பியில் ஏழுக்கும் எண் இருந்தது. எப்படி என்று கேட்டேன். மற்ற ஆறையும் பார்த்தால் இதுவாகத்தான் இருக்கும் அப்பா என்றாய். நான் உன் காதைப் பிடித்துத் திரும்பவும் சைக்கிளில் ஏற்றியிருக்க வேண்டும். எனக்குக் கால் வலி. கெட்டிக்காரன் என்று சொல்லித் தலையைத் தடவிவிட்டேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். அன்றைக்கு வளைத்திருந்தால் வளைந்திருப்பாய், நான்தான் வளைக்கவில்லை.

ஆறு கிழமை முடிந்தது, உன்னைக் கொழும்புக்கு ரயில் ஏற்றிவிட்டோம். அலியார் நானாவும் வந்து, ஓலையில் பின்னிய பனங்கட்டிக் குட்டான் ஒன்று உன் கையில் தந்தார். இடது கையால் தந்தார். நீ கவனித்திருக்கமாட்டாய். அடுத்த நாளே அம்மா பொட்டலி கட்டத் தொடங்கினாள். தோள் அதற்குள் துருப்பிடித்த கதவுப் பிணைச்சல் மாதிரி இறுகிவிட்டது. ஒத்தடத்துக்கும் அசையவில்லை, பிறகு கொண்டுபோய்க் காட்டின பெரிய ஆசுபத்திரியில், அசைத்துக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று ஏசினார்களாம். சும்மா இருக்கவில்லை, விளக்குக்கு முன்னால் இருந்தேன் என்று அவர் சொல்லவில்லை. ஒரு நாள் வின்சின் பிரேக்கை முழுக்க இழுக்க முடியாமல் கோதுமை மா மூட்டைக் கட்டு ஒன்று ஜெட்டியில் விழுந்து சிதறியது. அதற்குக் கீழே ஆட்கள் இல்லை, கடவுள் செயல். அடுத்த கிழமை அவரை வின்சில் இருந்து இறக்கிக் கேற்றில் காவலுக்கு இருத்திவிட்டார்கள். இப்போது நான் வேலைக்குப் போகும்போது அவர்தான் கேற்றைத் திறந்துவிடுகிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகிறேன்.

உன் புத்தகத்தின் நடுப்பகுதியில், வெறும் பெட்டியால் முழுச் சுகம் பெற்றதற்குச் சிறந்த உதாரணம் என்று நீ எழுதியிருக்கிற ‘ஐம்பது வயதுத் துறைமுகத் தொழிலாளி’ இவர்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், புத்தகத்துக்குள் மறைத்ததை இப்போதுதான் பார்க்கிறேன். அதை வாசித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை என்று தெரியும். பஸ் ஏறி, பாதை ஏறி, கிண்ணியாவுக்குப் போனேன். மரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருத்தினார். தேத்தண்ணி வந்தது. குடித்தால் சொல்ல வாய் வராது என்று குடிக்காமலே சொன்னேன்.

“நானா, உங்களுக்கு வச்ச பெட்டியில சூடு இல்லை. நான்தான் செய்தனான். தெரிஞ்சுதான் செய்தனான்.”

அவர், “அது எனக்குத் தெரியும் தம்பி” என்றார்.

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

“முதல் நாளே தெரியும். லோட் இல்லாத மெஷின்ட சத்தம் எனக்குத் தெரியாதா? அது சும்மா இரைஞ்சிக்கிட்டு இருந்திச்சி.”

மகன், வின்ச்காரரை இரைச்சலால் ஏமாற்றப் பார்த்த மடையர்கள் நாங்கள் இரண்டு பேரும். இருபது வருடம் சத்தத்தைக் கேட்டே பாரத்தை அறிந்த மனுஷன் முன்னால் நான் ஒரு வெறும் ட்ரான்ஸ்போமரைப் பூட்டி வைத்து என் திறமையை மெச்சிக்கொண்டேன். சத்தத்தில் தெரியும் என்று உனக்கே அவர் சொல்லியிருக்கிறார், உன் காதிலும் அது நிற்கவில்லை. அப்படியானால் ஏன் வந்தீர்கள், ஏன் ஒவ்வொரு நாளும் சுகம் என்று சொன்னீர்கள் என்று கத்தியே விட்டேன். வீட்டுக்குள் இருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார்.

“மகன் கொப்பியோட நிண்டு கேக்கக்குள்ள இல்லை எண்டு எப்பிடித் தம்பி சொல்ற? அது அவர்ட சோதினை எண்டு நினைச்சன். நான் நோகுது எண்டு சொன்னா மகன் பெயிலாகிருவார் எண்டு பயந்திட்டன்.”

இதைச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளி வைத்தார். ஆறுகிறது, குடியுங்கள் என்றார். பிறகு கேட்டார், “மகன் பாஸ்தானே?”

நான் ஓம் என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல? அவருடைய முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். திரும்பிப் பாதைப் படகில் வரும்போது, பெட்டிகளை எல்லாம் இந்தத் தண்ணீரில் கொண்டுவந்து எறிந்தால் என்ன என்று இருந்தது. எறிந்தால் நாளைக்கு நீ வந்து சாட்சி எங்கே என்று கேட்பாய். ஆகவே ஆறையும் சாக்கில் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். இனி ஒரு பெட்டியும் நான் செய்யமாட்டேன். விளக்கு எரிய வேண்டுமென்றால் வேறு யாரையாவது பார்.

உன் புத்தகம் நம்பிக்கை சுகமாக்கும் என்று முடிகிறது. இருக்கலாம். குசினிக்குள் இருந்து வந்த உன் அம்மாவின் கதைக்கும் அந்த ஒத்தடத்தில் ஒரு பங்கு உண்டு என்று நானே நம்புகிறவன். ஆனால் நீ அளந்தது அதை அல்ல. வெறும் பெட்டிக்கு முன்னால் இருந்தவர்கள் தங்கள் நோவை விழுங்கிக்கொண்டு உனக்கு வைத்தியம் பார்த்தார்கள். சுகமானவன் நீ ஒருவன்தான். அந்த மனிதர்களின் மரியாதையை அள்ளிக்கொண்டுபோய், மருந்து தேவையில்லை, விளக்கு போதும் என்று எழுதி, அதைக் காட்டி நாளைக்கு எந்த ஊரிலோ எந்த ஜெட்டியிலோ தோள் நொந்து வருகிறவனையும் வெறும் பெட்டிக்கு முன்னால் இருத்தப்போகிறாய். அவனும் கேட்டால் ஓம் என்பான். அதை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கருவி பொய் சொல்லாது, பார்க்கிறவன்தான் பொய் சொல்வான் என்று வேலைத்தளத்தில் சொல்வோம். நானும் நீயுமோ கருவியையே பொய் சொல்ல வைத்தவர்கள்.

ஆகவே இதைச் செய். உன் பேராசிரியரிடம் போய், நான் கேட்டது பிழை, கிடைத்த பதில் பிழை, என் அப்பாவுக்குத் தெரியும் என்று சொல்லு. பட்டம் போனால் போகட்டும், வயிற்றுப்பாட்டுக்கு நீ வேறு தொழில் தேடிக்கொள்ளலாம். அலியார் நானாவுக்கு வேறு தொழில் இல்லை. முதல் பக்கத்தில் இருந்து என் வரியை எடு. அதற்குப் பிறகு விடுமுறை எடுத்துக்கொண்டு இங்கே வா. மன்னிப்புக் கேட்கிற நாடகம் எனக்கு வேண்டாம், நீ மன்னிப்புக் கேட்டால் அவர் உனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார். அந்த ஆறுதலையும் வாங்கிக்கொண்டு போய்விடுவாய்.

நீ அடித்த வெள்ளைக்கு மேல் அம்மா மறுபடியும் கொக்கி அடையாளத்தைப் போட்டிருக்கிறாள். அதற்கு நேரே நெஞ்சு உயரத்தில் ஒரே ஒரு கோடு. அதற்கு மேலே இன்றைக்கு வரைக்கும் ஒன்றும் ஏறவில்லை. அவர் இன்னும் வருகிறார், நானும் ஒத்திக்கொண்டுதான் இருக்கிறேன். நீ வந்து அந்தச் சுவருக்கு முன்னால் அவரை நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, எட்டின இடத்தில் உன் கையால் கரிக்கோடு போடு. அவரைச் சுகமா என்று மட்டும் கேட்டுவிடாதே. கேட்டால் ஓம் என்பார்.

அப்பா